சேர்ந்திருக்கா, பெரியம்மா?

நவம்பர் 28, வியாழன்

மழை விட்டபாடில்லை. ஜலதோஷமும் விட்டபாடில்லை. மூக்கு அடைத்து, தலை கனத்து, வலது காதில் மட்டும் பஞ்சை வைத்து அமுக்கியது மாதிரி ஓர் அடைப்பு. மிளகு ரசம் வைத்துக் குடித்தேன், ஆவி பிடித்தேன். டிசம்பர் பிறப்பதற்குள் சரியாகிவிட வேண்டும். மற்ற மாதங்களில் இந்தத் தலை இருந்தாலென்ன, போனாலென்ன.

சபாவிலிருந்து சீசன் டிக்கெட் வந்துவிட்டது. வழக்கம்போல இடப்பக்கம், மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சின்ன வயதில் சீழ் வைத்து என் இடது காது பாதிக் காதாகிப் போனது. அதனால் மேடைக்கு வலது காதைக் கொடுத்துத்தான் உட்கார வேண்டும். அந்த வலது காது லேசுப்பட்டதல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் உழைத்த காது. எதிர்முனையில் ஒரு ‘ஹலோ’ சொன்னால் போதும், பேசுவது யார், கோபமா, பயமா, பக்கத்தில் மேலதிகாரி நிற்கிறாரா, எல்லாம் சொல்லிவிடும். பாடுகிறவர் ஒரு நூல் இறங்கினாலும் எனக்கு உள்ளே சுருக்கென்று குத்தும்.

இவருக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை. அச்சகத்தில் யந்திர இரைச்சலில் இரண்டு காதையும் தொலைத்துவிட்டு மெஷின் மாட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு கச்சேரிக்கு வருகிறார். வந்து என்ன? என்ன ராகம் என்று எப்போது கேட்டாலும் ‘தோடி’ என்பார். எப்போதாவது அது தோடியாகவே இருந்து தொலைக்கும். அன்றைக்கு மனிதரைப் பிடிக்க முடியாது, கேன்டீனில் கூடுதலாக ஓர் அடை வாங்கிக்கொள்வார்.

மாடிப் போர்ஷனில் சாருலதா சாதகம் பண்ணுகிறாள். கோமளாவின் பெண். கோமளாதான் எனக்குக் கச்சேரித் துணை, பக்கத்து நாற்காலிக்காரி. அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. சாருவின் அப்பாவுக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில் வந்து போவார். பாட்டு வாத்தியார் அமெரிக்காவுக்குப் போய்விட்டார், போனில்தான் பாடம். போனில் கேட்டுச் சுருதி சொல்ல முடியுமா? அதனால் சாருவுக்குக் காது நான்தான். மேடை ஏறுவதற்கு முன் தம்புராவை மீட்டிக்கொண்டே, “சேர்ந்திருக்கா, பெரியம்மா?” என்பாள். நான் தலையாட்டின பிறகுதான் எழுந்திருப்பாள். பாடும்போது கீழே இறங்கினால், என் முழங்கால்மேல் ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்குவேன். அவள் பார்த்துக்கொண்டு ஏற்றிக்கொள்வாள். பக்கவாத்தியக்காரருக்குக்கூட இது தெரியாது.

இந்த வருஷம்தான் அவளுக்கு முதல்முதலாகச் சாயந்திரக் கச்சேரி கொடுத்திருக்கிறார்கள். பதினாலாம் தேதி. நன்றாக அமைந்தால் இனிமேல் சாயந்திரப் பாடகி. இல்லாவிட்டால் பழையபடி மத்தியானம், கேன்டீன் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள் முன்னால். கோமளா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஜலதோஷம் போய்விட்டது. காதடைப்பு மட்டும் இருக்கிறது. போகட்டும், தானே திறந்துகொள்ளும்.

சுருதிப் பெட்டி கெட்டுப்போய்விட்டது. காலையில் போட்டேன், அடிப்படை ஸ்வரமான ஸட்ஜமே இரண்டாகப் பிளந்து கேட்கிறது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், இன்னொன்று அதற்கு ஒட்டினாற்போல மேலே. கேட்கக் கேட்கப் பல் கூசுகிறது. பூஜை மணியும் விரிசல் விட்டிருக்கிறது போல. டி.வி.யில் செய்திக்கு முன்னால் வரும் இசையையாவது ஒழுங்காக வாசித்துத் தொலைக்கக் கூடாதா?

இவரிடம் சொன்னேன். தோசையைப் பிட்டுக்கொண்டே, “ஏன் சுகுணா, காது டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிடலாமா?” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். “யாரு காதை? என் காதையா? மெஷின் மாட்டிக்கிட்டிருக்கறவர் சொல்றாரு பாரு!” என்றேன். இன்னொரு தோசை போடட்டுமா என்று கேட்டதற்கு மனிதர் வேண்டாம் என்றுவிட்டார்.

டிசம்பர் 6, வெள்ளி

சுருதிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் போனேன். வாத்தியக் கடைக்காரர் பெட்டியைப் போட்டுப் பார்த்து, “நல்லாத்தானேம்மா இருக்கு?” என்றார். “எங்கிட்டயா சொல்றீங்க?” என்றேன். அவர் செல்போனில் ஏதோ கருவியைத் திறந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பச்சை முள் ஒன்று நட்ட நடுவில் வந்து நின்றது. “பாருங்கம்மா, ஒரு மயிரிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்ல.” முள்ளை நம்புகிறவர்களிடம் என்ன பேசுவது? பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது ரோட்டைத் தாண்டுகையில் ஆட்டோக்காரன் திட்டினான். ஹாரன் அடிக்காமல் வந்துவிட்டுத் திட்டு வேறு.

டிசம்பர் 8, ஞாயிறு

சீசனில் என் முதல் கச்சேரி. பெரிய வித்வான், பெயர் எழுதவில்லை. கல்யாணி எடுத்தார். ஐயோ, அது கல்யாணியா? தள்ளாடித் தடுமாறி, ஒரு ஸ்வரமாவது நின்ற இடத்தில் நிற்க வேண்டுமே. வயலின் வேறு சேர்ந்துகொண்டு என்னைச் சித்திரவதை செய்தது. சுற்றிலும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆஹா, ஆஹா’ என்கிறார்கள். முன் வரிசைக் கிழவர் ஒருவர் கண்ணீர் விட்டார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். என் ஆயுளில் இதுதான் முதல் தடவை.

ரயிலில் வரும்போது, “ஊர்ல ஒருத்தருக்கும் ரசனை கிடையாது. நல்லா இருக்கு, மோசமா இருக்குன்னு சொல்ல ஆளே இல்ல” என்றேன்.

“இத்தனை பேருமா ஏமாந்துடுவாங்க?” என்றார் இவர்.

அடை கிடைக்காத கோபம் அவருக்கு.

டிசம்பர் 11, புதன்

சாரு கீழே வந்து பாடிக் காட்டினாள். பிரதானமாக பைரவி. நன்றாக வளர்த்து வைத்திருக்கிறாள், கற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் சுருதி? மேலே போன இடமெல்லாம் ஒரு நூல் கீழே. விரலைத் தூக்கித் தூக்கி எனக்குக் கை வலித்ததுதான் மிச்சம்.

“பெரியம்மா, எனக்குச் சேர்ந்த மாதிரிதான் இருக்கு” என்றாள்.

“உனக்குத் தெரியாதும்மா. பாடறவளுக்குத் தன் குறை கேட்காது” என்றேன்.

முகம் வாடிவிட்டது. இருக்கட்டும். மேடையில் அசிங்கப்படுவதைவிட வீட்டில் வாடுவது மேல்.

டிசம்பர் 14, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சாரு அரக்குப் பட்டுப் புடவை, கோமளாவின் தோடு. மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் தம்புராவை மீட்டிக்கொண்டு கேட்டாள், “சேர்ந்திருக்கா, பெரியம்மா?” சேரவில்லை. பஞ்சமம் ஒரு பக்கம் இழுக்கிறது, ஸட்ஜம் இன்னொரு பக்கம். திருப்பச் சொன்னேன். மறுபடியும் மீட்டினாள், மறுபடியும் சேரவில்லை. வயலின்காரர் சபேசன் நிதானமான மனிதர். “அம்மா, முதல்ல வெச்சதே சரியா இருந்தது. திரை தூக்கற நேரமாச்சு” என்றார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சாரு என்னைத்தான் பார்த்தாள், என் சொல்படிதான் தம்புராவின் பிருடையைத் திருகினாள். வெளியே செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் போதும் என்று நானே சொன்னேன். சேர்ந்ததனால் அல்ல, நேரமாகிவிட்டதனால்.

மேடையில் போய் உட்கார்ந்ததும் சபேசன் தம்புராவை வாங்கி ஒருதரம் தானே சரிசெய்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

முதலில் பாடிய வர்ணத்திலேயே சாரு கீழே இறங்கிவிட்டாள். விரலைத் தூக்கினேன். என்னைப் பார்த்தாள், ஏற்றினாள். போதவில்லை. மறுபடி தூக்கினேன். பைரவி ஆலாபனையில் அவள் கண் என் முழங்காலை விட்டு நகரவில்லை. நான் தூக்கத் தூக்க அவள் ஏற்றிக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் சபேசன் வில்லை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். மேல் ஸட்ஜத்தில் நின்றபோது குரல் நடுங்கி உடைந்தது. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன, ஆட்கள் எழுந்து போனார்கள்.

முடிந்ததும் செயலாளர், “நல்ல முயற்சிம்மா” என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கச்சேரி உலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சாரு என் தோளில் சாய்ந்து அழுதாள். “நீங்க எவ்வளவோ சொன்னீங்க பெரியம்மா, எனக்குத்தான் நிக்கல” என்றாள். இந்தப் பெண்ணுக்கு என்ன வந்தது? நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பெண்தானே?

டிசம்பர் 15, ஞாயிறு

மாடியில் சாதகம் இல்லை.

டிசம்பர் 19, வியாழன்

மதியம் போன் அடித்தது. வாத்தியக் கடைக்காரர். பிரித்துப் பார்த்தாராம், ஒன்றும் இல்லையாம், வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அவர் பேச்சு ஏதோ டப்பாவுக்குள் இருந்து வருவது மாதிரி இருந்தது. போனை இடது காதுக்கு மாற்றினேன். சன்னமாக, ஆனால் மனிதக் குரலாகக் கேட்டது. மறுபடி வலது காது, டப்பா.

அவர் வைத்த பிறகு போனில் ‘ம்ம்ம்’ என்று ஒலிக்குமே, அதைக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் நான் வாழ்நாளெல்லாம் கேட்ட ஒலி, எனக்கு அது தம்புரா மாதிரி. இடது காதில் வைத்தால் அதே பழைய ஒலி. வலது காதில் வைத்தால் மேலே, அரை ஸ்வரத்துக்குக் கிட்டே. இடது. வலது. இடது. வலது. போன் ஒன்று, ஒலி ஒன்று.

போனும் ரிப்பேர்.

டிசம்பர் 20, வெள்ளி

போன் ரிப்பேர் இல்லை.

இவரிடம் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கிறது. காலையில் வந்து என் வலது பக்கமாக நின்றுகொண்டு ஏதோ சொன்னார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இடது பக்கம் வந்து, “இந்தப் பக்கம் நின்னு ரெண்டு வாட்டி கூப்பிட்டேன், சுகுணா” என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. “எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. மெஷின் ஓடறது மாறிப்போச்சுன்னு போர்மன்கிட்ட சண்டைக்குப் போனேன். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போலாம், என்ன?”

தலையாட்டினேன். ஈரக்கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 23, திங்கள்

டாக்டர் சின்னப் பெண், சாரு வயதுதான் இருக்கும். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கேட்கிறதோ இல்லையோ, பயத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். வெளியே இருந்த பெண் கண்ணாடியைத் தட்டி, “கேட்டா மட்டும் அமுக்குங்கம்மா” என்றாள்.

“எப்பேர்ந்தும்மா இப்படி இருக்கு?” என்று டாக்டர் கேட்டார்.

“நவம்பர் கடைசியிலேர்ந்து.”

“அப்பவே ஏன் வரலை?”

“சுருதிப் பெட்டி ரிப்பேர்னு நெனச்சேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்காது நரம்பாம். ஜலதோஷக் கிருமி தாக்கியிருக்கலாமாம். சில ஸ்வரங்களை ஏற்றியும் சிலவற்றை இறக்கியும் காட்டுமாம். “முதல் ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா திரும்ப வர நல்ல சான்ஸ் இருந்தது. இப்பவும் மருந்து கொடுத்துப் பார்க்கறேன். ஆனா பெரிசா எதிர்பார்க்காதீங்கம்மா.”

“மெஷின் வெச்சா?” என்றார் இவர்.

“மெஷின் சத்தத்தைத்தான் கூட்டும் சார். மாறிப்போன சுருதியைச் சரிபண்ணாது.”

மயிலாப்பூருக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றைக்கு இந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போனேன். வேறு எந்த மனுஷியாக இருந்தாலும் காது அடைத்தால் காது டாக்டரிடம் போயிருப்பாள். சமையல்காரிக்குத் தெரிந்திருக்கும், பால்காரருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும்தான் ஊரில் இருக்கிற தம்புராவெல்லாம் கெட்டுப்போனதாகத் தோன்றியது. இந்தக் கர்வத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஜனவரி 1, புதன்

மாத்திரை, ஊசி, எல்லாம் ஆகிறது. தூக்கம் போனதுதான் பலன்.

இன்று ஒரு கச்சேரிக்குப் போனேன். சஹானா ராகம் என்று பக்கத்து நாற்காலிப் பெண் சொன்னாள். சஹானாவைப் பக்கத்து நாற்காலி சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது! இரண்டு பேர் ஒரே பாட்டை வேறு வேறு சுருதியில் என் தலைக்குள் நின்று பாடுகிறார்கள். வலது காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். இடது காதில் எங்கோ பக்கத்துத் தெருவில் நடக்கிற கச்சேரியாக வருகிறது. பஞ்சை எடுத்தால் தகரம்.

மிருதங்கம் மட்டும் தெரிந்தது. தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்கள் நான் ரசிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதேன். குழந்தை இல்லாத வீடு இது. அதற்குக்கூட நான் இப்படி அழுததில்லை.

ஜனவரி 9, வியாழன்

சாரு கீழே வந்தாள். இளைத்திருக்கிறாள். ஒரு பாடகிக்குப் பிரசவ நேரமாம், அவள் இடத்தில் பிப்ரவரி பதினைந்தாம் தேதி சாயந்திரம் சாரு பாட வேண்டும் என்று செயலாளர் கேட்டிருக்கிறார். இரண்டாவது தடவை. மூன்றாவது யாருக்கும் கிடைக்காது.

“நீங்க சொன்னதை வெச்சுத்தான் இத்தனை நாளா சாதகம் பண்றேன், பெரியம்மா. எனக்குச் சேர்ந்த மாதிரி தோணற இடத்துலேர்ந்து கொஞ்சம் மேல வெச்சுப் பாடறேன். பழகிடுச்சு. இனிமே கீழ வராது” என்றாள்.

“அன்னிக்கு ரெக்கார்டிங் கேட்டியா?” என்றேன்.

“பயமா இருக்கு. சபேசன் சார் கேளு கேளுங்கறார். அவருக்கு என் மேல பரிதாபம். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க.”

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷத்திலேயே, ‘என் காது போயிடுச்சும்மா, நீ சரியாத்தான் பாடினே’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி என்னைப் பார்க்க இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? சொல்லிவிட்டால் நாளையிலிருந்து நான் யார்? பக்கத்து நாற்காலிகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, புடவையும் கேன்டீன் போண்டாவும் பேசிக்கொண்டு, அவர்களில் ஒருத்தி.

“காபி சாப்பிடறியா?” என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியதை இவர்தான் பார்த்தார். நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

மாடியில் சாதகம் நடக்கிறது. மேலேயா, கீழேயா, சேர்ந்தா, சேராமலா, ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அது பாட்டாகவே கேட்கவில்லை.

“சொல்லிட்டியா?” என்றார் இவர்.

“சொல்றேன்.”

“எப்போ? நீ சொல்லலைன்னா நான் சொல்றேன்.”

“நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு இதுல என்ன தெரியும்? கச்சேரிக்கு முன்னாடி சொன்னா பொண்ணு பயந்துடுவா. நான் இனிமே விரலைத் தூக்கப்போறதில்ல. தலையை மட்டும் ஆட்டிட்டு வந்துடறேன். அவ தானாப் பாடிடுவா.”

என்னைப் பார்த்தார். மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அதுதான்.

பிப்ரவரி 15, சனி

அதே அறை. அதே அரக்குப் புடவை. “சேர்ந்திருக்கா, பெரியம்மா?” உடனே தலையாட்டினேன். சாருவின் முகம் மலர்ந்தது. சபேசன்கூட நிம்மதியாகச் சிரித்தார்.

என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன், விரல் பழக்கதோஷத்தில் எழுந்துவிடாமல். இரைச்சல் ஆரம்பித்தது. நான் தலையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆட்டினேன். காம்போதி ராகம் என்று இடைவெளியில் யாரோ சொன்னார்கள். அவள் ஒரு ஸ்வரத்தில் நின்றுகொண்டு, புருவத்தை நெரித்து, என்னிடம் ஏதோ கேட்கிறவள் மாதிரி பார்த்தாள். நான் “பலே” என்றேன். சபேசன் வில்லை அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை, என் பக்கமே பார்த்தாள். மறுபடியும் “பலே” என்றேன். முன் வரிசையில் இரண்டு தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. இவர் முழங்கையால் என்னை இடித்தார்.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் பாதி அரங்கம் காலி.

முடிந்து உள்ளே போனபோது சபேசன் வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். “கோவிச்சுக்காதே சாரு, இன்னிக்கு முழுக்க மேலயே நின்னுட்டே. எவ்வளவு இழுத்துப் பார்த்தேன், நீ இறங்கவே இல்ல.”

“பெரியம்மா தலையாட்டினாங்க சார்” என்றாள் அவள். என்னைப் பார்த்தாள். “சேர்ந்திருந்ததா, பெரியம்மா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“நல்லா சேர்ந்திருந்ததும்மா” என்றேன்.

இவர் முன்னால் வந்தார். கச்சேரி அறையில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை அவர். “அவளுக்குக் காது போயிடுச்சும்மா” என்றார். மெஷின் மாட்டினவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அறையில் எல்லோருக்கும் கேட்டது. “ஒரு சுருதி ரெண்டாக் கேக்குது. டாக்டர் இனிமே சரியாகாதுன்னுட்டாங்க. எங்கிட்டயே அவ சொல்லல, நானாத்தான் கண்டுபிடிச்சேன்.”

சாரு அவர் பக்கம் திரும்பினாள். “எப்பேர்ந்து பெரியப்பா?”

“நவம்பர் கடைசியிலேர்ந்து.”

“டிசம்பருக்கு முன்னாடியேவா?” என்றாள். சபேசனைப் பார்த்தாள். “அப்ப டிசம்பர்ல நான்...”

“டிசம்பர்ல வர்ணம் ஆரம்பிச்சப்போ நீ ஒரு இடத்துல பிசகலையேம்மா. அன்னிக்கே சொன்னேனே” என்றார் சபேசன்.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்புராவுக்கு உறை போட்டாள், நாடாவை முடிந்தாள். மூவரும் ஒரே ஆட்டோவில் வந்தோம். நான் அவளுக்குப் பக்கத்தில். வழியில் ஏதாவது சொன்னாளா என்று தெரியவில்லை. அவள் என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாடி ஏறிப் போனேன். கதவைத் திறந்து, “வாங்க பெரியம்மா” என்றாள், எப்போதும் போல. மன்னித்துவிடு என்றேன். “பரவாயில்ல, உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்” என்றாள். காபி கொடுத்தாள். பிறகு கேட்டாள்:

“ஜனவரியில நான் கீழ வந்தேனே, அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

சரி என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். சாரு வீட்டுக் கதவில் பூட்டு. அப்பாவோடு ஓசூர் போய்விட்டாள் என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள், அங்கே ஏதோ கம்பெனியில் வேலையாம். ஜன்னல் கதவு சரியாகச் சாத்தவில்லை. எட்டிப் பார்த்தேன். மூலையில் உறை போட்டபடி தம்புரா நிற்கிறது. எடுத்துக்கொண்டு போகவில்லை.

இவர் அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஊரைவிட்டுப் போனது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

அடுத்த வருஷத்துக்கு அந்த நாற்காலி வேண்டாம் என்று சபாவுக்குப் போன் பண்ணச் சொன்னேன். இவர் பண்ணினார். உடனே வேறு யாரோ கேட்டு வாங்கிக்கொண்டார்களாம்.

சாயந்திரம் காபி குடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு என்ன தோன்றியதோ, “மேல சாரு பாடறாளா, பாருங்க” என்றேன்.

இவர் டம்ளரை வைத்துவிட்டு, மெஷினைத் திருகி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“பாடறா” என்றார்.

“சேர்ந்திருக்கா?”

“நல்லா சேர்ந்திருக்கு.”

“என்ன ராகம்?”

“தோடி.”

காபி ஆறிப்போயிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன்.